கிணத்தடி மேசை

காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்க சார், பழம் உருளும். இந்த டிரைவர் பிரேக் போடுற லட்சணத்துக்கு உங்க கால்மேல ஏறிச்சுன்னா அப்புறம் என்னைத் திட்டுவீங்க. முள்ளு சார், செருப்பைத் தாண்டிக் குத்தும்.

ஆமா, பண்ருட்டிப் பழம்தான். வேற எந்த ஊர்ப் பழத்தை நான் தூக்கிட்டு வரப்போறேன்? நமக்கு பண்ருட்டியில மண்டி இருக்கு. கலியவரதன் பலா மண்டின்னு கேட்டா சின்னப் புள்ளகூட கையக் காட்டும். ஆனா இது மண்டிக்கு வந்த பழம் இல்ல. தோப்புக்கு நானே போய் நின்னு, தட்டிப் பாத்து எறக்கினது. காய்னா டங்குன்னு கேக்கும். பழம்னா தொப்புன்னு கேக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சத்தம் இருக்கு, அது எனக்கு மட்டும்தான் கேக்கும். அந்தச் சத்தத்துல எறக்கினா, போய்ச் சேர்ற அன்னிக்குச் சரியா பழுக்கும். வாசனை வருதில்ல? முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க பாருங்க.

சிதம்பரம் போறேன். சம்பந்தி வீட்டுக்கு. என் தங்கச்சி பொண்ணு சுடர்க்கொடிக்கு ஆவணியில கல்யாணம். நான் தாய்மாமன். இந்தப் பழத்தைக் கொண்டுபோய்க் குடுங்கன்னு சொன்னதே அவதான். காலையில என்னை பஸ் ஏத்திவிட்டுட்டு, பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்னா. ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்காளாம் அங்க. பண்ருட்டியில தையல்காரனே இல்லாத மாதிரி. பேங்க்ல வேலை பாக்குற பொண்ணு சார், நாம என்ன சொல்ல முடியும்?

இந்தச் சம்பந்தம் எப்படி அமைஞ்சதுன்னு கேளுங்க. நீங்க கேக்கலைன்னாலும் சொல்லுவேன், சிதம்பரம் வர்ற வரைக்கும் என்ன பண்றது? இது முழுக்க முழுக்க நான் பேசி முடிச்ச சம்பந்தம். மனுஷங்களையும் நான் பழம் மாதிரிதான் பாப்பேன். ரெண்டு வார்த்தை பேசினா போதும், உள்ள சுளையா சக்கையான்னு சொல்லிடுவேன்.

சுடருக்கு முப்பது தாண்டிடுச்சு. நல்ல பொண்ணு. வேலை இருக்கு, குணம் இருக்கு. ஒரே ஒரு விஷயம், சத்தமா சிரிப்பா. சின்ன வயசுலேர்ந்தே அப்படி. தெருக்கோடியில சிரிச்சா மண்டியில எனக்குக் கேக்கும். கேட்டா எனக்கும் சிரிப்பு வந்துடும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால திருக்கோவிலூர்லேர்ந்து ஒருத்தங்க பொண்ணு பாக்க வந்தாங்க. பஜ்ஜி தின்னாங்க, காபி குடிச்சாங்க, பையனோட அத்தை ஏதோ சொன்னாங்க, இவ சிரிச்சிட்டா. போனவங்க தரகர்கிட்ட சொல்லி அனுப்பினாங்க, "பொண்ணு சிரிக்கிற சத்தம் எங்க குடும்பத்துக்கு ஒத்து வராது"ன்னு. அந்தத் தரகராவது வேற ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம் இல்ல? அப்படியே வந்து சொல்லிட்டான், அதுவும் அவ முன்னாலயே.

அதுக்கப்புறம் அவ சிரிக்கிறதே இல்ல சார். சிரிப்பா, வாய்க்குள்ளயே. கைய வச்சு மறைச்சுக்குவா. அதைப் பாக்கும்போது எனக்கு வயிறு எரியும். அந்தத் திருக்கோவிலூர்க்காரன் என் மண்டிக்கு வந்திருந்தா, பழத்தைத் தலையில போட்டிருப்பேன்.

இந்தச் சிதம்பரம் சம்பந்தம் வந்தப்ப சுடர் தீர்த்துச் சொல்லிட்டா. "இதுதான் கடைசி மாமா. நான் இனிமே யாருக்கும் தட்டு ஏந்திட்டு வந்து நிக்க மாட்டேன். போட்டோவும் அனுப்ப மாட்டேன், அவங்க போட்டோவும் வேண்டாம். எங்கயாவது பொது இடத்துல, எதேச்சையாப் பாத்த மாதிரி பாத்துக்கலாம். பிடிக்கலைன்னா அவங்க சாப்பிட்டுட்டு அவங்க வழியில போகட்டும், நாம சாப்பிட்டுட்டு நம்ம வழியில போகலாம். இது நடக்கலைன்னா இனிமே இந்த வீட்டுல கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது." இப்படிச் சொன்னா. என் தங்கச்சி செண்பகவல்லி அழுதுட்டா. நான்தான் நெஞ்சுல கைய வச்சு, "நீ கவலைப்படாத, மாமன் பாத்துக்குறேன்"னேன்.

மாப்பிள்ளை வீட்டுலயும் சரின்னுட்டாங்க. பாண்டிச்சேரியில கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு ஹோட்டல். ஹோட்டல்னா நம்ம பஸ் ஸ்டாண்டு ஹோட்டல் இல்ல. வெள்ளைக்காரன் காலத்து வீடு. ஒரு பிரெஞ்சு ஜட்ஜு குடியிருந்த வீடாம். அதை அப்படியே வச்சுக்கிட்டு நடுவுல மேசை போட்டிருக்காங்க. தரகர் சொன்ன ஏற்பாடு இதுதான்: முற்றத்துல ஒரு பழைய கிணறு இருக்கு, மேல கண்ணாடி போட்டு மூடியிருப்பாங்க. அந்தக் கிணத்தடி மேசையில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உக்காந்திருப்பாங்க. அப்பா, அம்மா, பையன், மூணு பேர். நாம எதிர் மேசை. யாரும் யாரையும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. பிடிச்சிருந்தா ரெண்டு பக்கமும் தரகர்கிட்ட சொல்லணும், அவ்வளவுதான்.

நல்ல ஏற்பாடு இல்ல? எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ரகசியமா ஒரு காரியம் செய்யணும்னா என்னைவிட ஆள் கிடையாது.

அன்னிக்கு நாங்க போகும்போது கொஞ்சம் லேட்டு. என்னாலதான்னு தங்கச்சி சொல்லுவா, நம்பாதீங்க. உள்ள போனா, அடேயப்பா! சுவர் ஒவ்வொண்ணும் இவ்வளவு கனம். ரெண்டு ஆள் உயரத்துக்குக் கதவு. மேல பாத்தா கழுத்து வலிக்கும். நான் ஒரு தூணைத் தட்டிப் பாத்தேன், பர்மா தேக்கு. சத்தத்துலயே தெரிஞ்சுது. பரிமாறுற தம்பி ஓடி வந்து, "சார், தொடக் கூடாது, பழைய தூணு"ன்னான். "நானும் பழைய ஆளுதாம்ப்பா, என்னை யாரும் தொடாம இருக்காங்களா?"ன்னேன். அந்த வீட்டுல இன்னொண்ணு, மெதுவாப் பேசினாக்கூட முற்றத்துல போய் முட்டித் திரும்பி வருது. என் தங்கச்சி வீட்டுக்காரர் தணிகாசலம் ஒரு தும்மல் போட்டார், மாடியிலேர்ந்து ஒரு புறாக் கூட்டமே பறந்துச்சு.

தணிகாசலத்தைப் பத்திச் சொல்லணும். அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டுல மட்டும்தான் கவனம். பரிமாறுற தம்பி வந்து கட்டடத்தோட கதைய ஆரம்பிச்சான். ஜட்ஜு போனப்புறம் ஒரு ஜவுளி வியாபாரி வாங்கினாராம், அப்புறம் பள்ளிக்கூடமா இருந்துதாம், ஒரு காலத்துல உப்பு மூட்டை அடுக்கி வச்சிருந்தாங்களாம். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு தணிகாசலம், "சரிப்பா, சாப்பாடு எப்ப அடுக்குவீங்க?"ன்னார்.

நான் உக்காந்த உடனே கிணத்தடியப் பாத்தேன். இருக்காங்க! அப்பா, அம்மா, பையன். அப்பா நல்ல மீசை. அம்மா மஞ்சப் பட்டு. பையன் வாட்டசாட்டமா, சிரிச்ச முகமா. எனக்கு அப்பவே மனசு நெறஞ்சு போச்சு. தங்கச்சிகிட்ட கண்ணைக் காட்டினேன். அவ சாமியக் கும்பிட்டுக்கிட்டா. சுடர் மட்டும் தலையக் குனிஞ்சு கரண்டியத் திருப்பித் திருப்பி வச்சுக்கிட்டிருந்தா. பேங்க்ல கட்டுக் கட்டா நோட்டு எண்ணுற கை.

எங்களுக்கு இன்னொரு பக்கம், மாடிப்படிக்குக் கீழ ஒரு மேசை. அங்கயும் ஒரு அப்பா, அம்மா, பையன். அந்த அப்பா இருக்காரே, வழுக்கைத் தலை, கண்ணாடி, சரியான சிடுமூஞ்சி. தண்ணி சில்லுனு இருக்குன்னு திருப்பி அனுப்பினார். வெந்நீர் வந்தா சுடுதுன்னு திருப்பி அனுப்பினார். நான் தங்கச்சி காதுல சொன்னேன், "அந்த வீட்டுக்கு வாக்கப்படுறவ பாவம்"னு.

அப்ப சாப்பாடு வந்துது. பெரிய தட்டு, நடுவுல கொஞ்சூண்டு. பிஞ்சுப் பலாவுல கட்லெட்டுன்னு ஒண்ணு. நான் ஒரு வாய் வச்சேன். எனக்கு வந்துதே கோபம்! "தம்பி, இங்க வா. இது பலாவா? ஐஸ் பெட்டியில கிடந்து செத்த காய். பண்ருட்டி பக்கத்துல இருக்கு, அங்கேர்ந்து கொண்டாந்தா என்ன? என்கிட்ட கேட்டா தெனம் ஒரு வண்டி அனுப்ப மாட்டேனா?" கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். கட்டடம் வேற அதைத் திருப்பிச் சொல்லுச்சா, எல்லாரும் திரும்பிட்டாங்க.

அந்த மாடிப்படி வழுக்கை சொல்றார், "எந்த ஊர்ப் பலாவா இருந்தா என்னங்க? எல்லாம் வாயுதான்."

வாயுவாம்!

"என்ன சொன்னீங்க?"

"வாயுன்னு சொன்னேன். பலாப்பழத்தை மனுஷன் சாப்பிடுவானா? ஒரு சுளை தின்னா மூணு நாளைக்கு வயிறு உப்பிக்கிட்டு நிக்கும். அதிலயும் பண்ருட்டிப் பழம்னா சொல்லவே வேணாம்."

"சார், உங்க வயித்துல கோளாறு இருந்தா வைத்தியரைப் பாருங்க. பழத்தைச் சொல்லாதீங்க."

"என் வயிறு நல்லாத்தான் இருக்கு. பழத்து மேலதான் சந்தேகம். வெளியில எல்லாம் முள்ளு, உள்ள எல்லாம் பிசின். அதைப் போய் பழம்னு விக்கிறாங்க."

நான் நாற்காலியத் தள்ளிட்டு எழுந்துட்டேன். எங்க ஊரையே சொல்லிட்டான் சார், மனுஷனுக்கு ரோஷம் வருமா வராதா? தணிகாசலம் என் வேட்டியப் பிடிச்சு இழுத்து, "மச்சான், உக்காந்து சாப்பிடுங்க. செத்த காயா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு"ன்னார். கிணத்தடிக்காரங்க எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்தாங்களேன்னு உக்காந்தேன். காரியம் முக்கியம் இல்ல?

அந்த வழுக்கையோட பையன் பாவம், நெத்தியில கைய வச்சுக்கிட்டான். சுடரைப் பாத்து ரெண்டு கையையும் லேசாக் குவிச்சு மன்னிச்சுக்குங்கன்னு காட்டினான். அப்பன் அப்படி இருந்தாலும் பையனுக்கு மரியாதை தெரிஞ்சுருக்கு. சுடர் அவனைப் பாத்தா. அப்புறம் கிணத்தடியப் பாத்தா. மறுபடி மாடிப்படிப் பக்கம் பாத்தா. "மாமா, அந்த மாடிப்படி மேசையில இருக்கறவங்க..."ன்னு ஆரம்பிச்சா. "அவங்களை விடு, வேற வேலை இல்லாதவங்க. நீ கிணத்தடியப் பாரு"ன்னேன்.

அவ யோசிச்சா. அப்புறம் என் பக்கம் சாஞ்சு சொன்னா, "மாமா, அந்தக் கிணத்தடிக்காரங்ககிட்ட நீங்க போய் நல்லாப் பேசிட்டு வாங்க. உங்களை மாதிரி விசாரிக்க யாரு இருக்கா? அவசரமில்ல, மெதுவா வாங்க. நான் இந்தக் கட்டடத்தைச் சுத்திப் பாக்குறேன்."

பாத்தீங்களா? பெத்த அப்பன் பக்கத்துல இருக்கார், அவர்கிட்ட சொல்லலை. என்கிட்ட சொன்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னு ஏற்பாடு. ஆனா எதேச்சையாப் பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே? வேட்டிய இறக்கி விட்டுக்கிட்டுப் போனேன். "சாப்பாடெல்லாம் எப்படிங்க இருக்கு?"ன்னு கேட்டேன். சாதாரணமா. மீசைக்காரர் எழுந்து கைய நீட்டினார். "வாங்க வாங்க, உக்காருங்க"ன்னு நாற்காலி இழுத்துப் போட்டார். அந்த மரியாதைக்கே நான் பாதி முடிவு பண்ணிட்டேன்.

"எந்த ஊருங்க?"ன்னேன்.

"திண்டிவனம்."

எனக்குச் சிரிப்புத் தாங்கலை. சிதம்பரத்துக்காரங்க திண்டிவனம்னு சொல்றாங்க! எதேச்சைன்னா இதுல்ல எதேச்சை! ஊரையே மாத்திட்டாங்க. கெட்டிக்காரங்கன்னு நெனச்சுக்கிட்டேன். நான் மட்டும் விடுவேனா? "எனக்கு இந்த ஊர்தான், இங்கயேதான் பொறந்து வளந்தேன்"னுட்டேன்.

"என்ன தொழில்?"னேன். "ரைஸ் மில்லுங்க"ன்னார். மின்வாரியத்துல இருந்து ரிடையர் ஆனவர்னு தரகர் சொல்லியிருந்தார். ரைஸ் மில்லாம்! கண்ணு சிமிட்டாமச் சொல்றார் சார். "தம்பி?"ன்னேன். "எனக்கு ஒத்தாசையா மில்லுலயே இருக்கான்"னார். பையன் இன்ஜினியர்னு எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரியே தலையாட்டினேன். அந்தம்மா சொன்னாங்க, "எங்க வீட்டுல எல்லாருக்கும் சேந்து சாப்பிடுறதுதாங்க பழக்கம், யாரும் தனியா சாப்பிட மாட்டோம்"னு. எவ்வளவு நல்ல வார்த்தை! பையன் எழுந்து எனக்குத் தண்ணி ஊத்திக் குடுத்தான். நல்ல பழம்னு தட்டாமலே தெரிஞ்சு போச்சு. ஒரு மணி நேரமாவது பேசியிருப்பேன். அவங்களும் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாங்க. மனசுக்குள்ள நான் பத்திரிகை அடிச்சு, பந்தல் போட்டு, வாழ மரம் கட்டிட்டேன்.

அப்பதான் சார் அந்தச் சிரிப்பு கேட்டுது.

எங்கேர்ந்துன்னு தெரியலை. அந்தக் கட்டடம் முழுக்க கேட்டுது. மாடியில முட்டி, முற்றத்துல எறங்கி, தூணு தூணா சுத்தி வந்துது. புறாவெல்லாம் மறுபடி பறந்துச்சு. சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாம் தலையத் தூக்கினாங்க. சுடர்! ரெண்டு வருஷமாக் கேக்காத சிரிப்பு. எனக்கு மொதல்ல திக்குன்னுச்சு, ஐயையோ, சம்பந்தி முன்னால இப்படிச் சிரிக்கிறாளேன்னு. ஆனா அடுத்த நிமிஷம் நானும் சிரிக்கிறேன் சார், என்னால அடக்க முடியலை. சிரிக்கிறேன், கண்ணுல தண்ணி வேற வருது.

திரும்பிப் பாத்தா, மாடிப்படிக்கு மேல வராண்டாவுல நிக்கிறா. பக்கத்துல யாரு? அந்த வழுக்கையோட பையன்! அவன் கையக் கைய ஆட்டி ஏதோ சொல்றான், இவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. எனக்கு ரத்தம் கொதிச்சுது. இங்க நான் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கேன், அங்க எவனோ ஒருத்தன்!

மீசைக்காரரோட சம்சாரம் சிரிச்சுக்கிட்டே, "யாருங்க அந்தப் பொண்ணு? மனசு விட்டுச் சிரிக்குது"ன்னாங்க. நான் ஒரு பெருமூச்சு விட்டேன். இந்த மாதிரி மாமியார் எங்க கிடைப்பாங்க?

அந்த நேரம் பாத்து வாசல் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு குழந்தையத் தூக்கிட்டு வந்துது. "கடலைக் காட்டினப்புறம்தான் அழுகைய நிறுத்தினான் அத்தை"ன்னுச்சு. குழந்தை நேரா அந்தப் பையன் மேல தாவி, "அப்பா"ன்னுச்சு.

மீசைக்காரர் சொல்றார், "வாம்மா. பரிமாறுற தம்பியத் திட்டினப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், இவர்தான் இந்த ஹோட்டல் முதலாளி. எவ்வளவு தன்மையா விசாரிக்கிறார் பாரு. சார், எங்க மருமக."

என்னத்தச் சொல்ல! எழுந்து, "சாப்பாட்டுல குறை ஏதும் இருந்தாச் சொல்லுங்க"ன்னு கும்பிட்டுட்டு நடந்தேன். போச்சு, எல்லாம் போச்சு. சிதம்பரத்துக்காரங்க வரவேயில்ல, இல்ல வந்து எங்களைப் பாத்துட்டுப் போயிட்டாங்க. சுடர் இனிமே கல்யாணப் பேச்சையே எடுக்க விட மாட்டா. தங்கச்சி முகத்துல எப்படி முழிக்கிறது? "மாமன் பாத்துக்குறேன்"னு நெஞ்சுல கைய வச்சுச் சொன்னேனே! அந்த முற்றத்தைக் கடக்குறதுக்குள்ள எனக்கு ஒரு வயசு கூடிடுச்சு சார்.

எங்க மேசைக்கு வந்தா, என் நாற்காலியில அந்த வழுக்கை உக்காந்திருக்கார்! தணிகாசலமும் அவரும் ஒரே தட்டுல மீன் தின்னுக்கிட்டிருக்காங்க. அந்த வீட்டம்மா என் தங்கச்சி புடவைத் தலைப்பைப் பிடிச்சுப் பாத்துக்கிட்டிருக்காங்க.

என்னைப் பாத்ததும் எழுந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டார். "சபாநாயகம், சிதம்பரம்"னார். "என்னா நடிப்பு சார் உங்களுது! தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னா இப்படியா? எங்க பக்கம் ஒரு பார்வை பாக்கலையே நீங்க! வேணும்னே வேற மேசையில போய் உக்காந்து ஒரு மணி நேரம் பேசி, பசங்க பேசிக்கிறதுக்கு வழி விட்டீங்க பாருங்க, அதுதான் பெரிய மனுஷத்தனம்!"

விஷயம் இதுதான் சார். அவங்கதான் மொதல்ல வந்து கிணத்தடியில உக்காந்திருக்காங்க. அந்தம்மா சாஸ்திரம் பாக்குறவங்க. வாயை மூடின கிணத்துப் பக்கத்துல உக்காந்து சம்பந்தம் பேசினா ஆகாதுன்னு, மாடிப்படிக்குக் கீழ மாறிட்டாங்க. அந்த எடத்துல திண்டிவனத்துக்காரங்க வந்து உக்காந்துட்டாங்க. நான் பண்ருட்டின்னு சத்தம் போட்டதும், மண்டிக்காரர் இவர்தான்னு சபாநாயகத்துக்குப் புரிஞ்சு போச்சாம். சும்மா சீண்டிப் பாப்போம்னுதான் வாயுன்னு சொன்னாராம். அவருக்கு பலான்னா உசுரு சார்! ஒரே உக்காரல்ல அரைப் பழம் திம்பார். "எங்கப்பாவுக்கு வாயு வர்றது பலாவால இல்ல, பலா கிடைக்கலைன்னாதான்"னு அந்தப் பையன் தில்லைநாதன் வராண்டாவுல சொல்லியிருக்கார். அதுக்குத்தான் அவ அந்தச் சிரிப்பு சிரிச்சது.

அந்தச் சிரிப்பைப் பத்தி அவங்க வீட்டுல என்ன சொன்னாங்கன்னு கேக்குறீங்களா? நானே பயந்துக்கிட்டுத்தான் கேட்டேன். சபாநாயகம் சொன்னார், "எங்க வீடு பெருசு, ஆளு கொஞ்சம். ரொம்ப நாளா சத்தமே இல்லாமக் கெடக்குது"ன்னு. என் தங்கச்சி அந்தம்மா கையப் பிடிச்சுக்கிட்டா. தணிகாசலம் இன்னொரு மீன் கொண்டு வரச் சொன்னார்.

நான் நடிக்கலைன்னு சொல்லணுமா சார்? எதுக்கு? காரியம் நடந்துச்சில்ல? பாக்காம இருந்தது நான்தானே, பேசி வழி விட்டது நான்தானே? தங்கச்சி மட்டும் என்னை ஒரு மாதிரி பாத்தா. அவளுக்குப் பொறாமை.

அதனாலதான் சொல்றேன், முழுக்க நான் முடிச்ச சம்பந்தம்.

புவனகிரி வந்துடுச்சா? இன்னும் கொஞ்ச தூரம்தான். மாப்பிள்ளை வீட்டுல இருப்பாரான்னா கேக்குறீங்க? இல்ல சார். நேத்து ராத்திரி சம்பந்தி போன்ல சொன்னார், பையன் காலையிலயே பாண்டிச்சேரி கிளம்புறான், ஆபீஸ் வேலையாம்னு. ஞாயித்துக்கிழமையில என்ன ஆபீசோ! பொண்ணா? சொன்னேனே, அதுவும் பாண்டிச்சேரிதான், ஜாக்கெட்டு...

ஏன் சார் சிரிக்கிறீங்க?

இருங்க. இருங்க இருங்க.

நிச்சயம் ஆனப்புறம் முகூர்த்தம் வரைக்கும் பொண்ணும் மாப்பிள்ளையும் பாத்துக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளையோட அம்மா கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. சாஸ்திரம். அதனால சம்பந்தி வீட்டுக்கு யாராவது போய் உக்காந்துக்கிட்டா... காலையில பஸ் ஏத்திவிடும்போது சுடர் என்ன சொன்னா தெரியுமா? "சம்பந்தி வீட்டுல நல்லாப் பேசிட்டு வாங்க மாமா. அவசரமில்ல, மெதுவா வாங்க."

அன்னிக்கும் இதேதான் சொன்னா. கிணத்தடிக்காரங்ககிட்டப் போங்கன்னு. அந்தப் பையன் கை குவிச்சப்ப அவ மாடிப்படிப் பக்கம் பாத்தா... அப்புறம் கிணத்தடியப் பாத்தா... யோசிச்சா...

அடி கள்ளி!

நான் தோப்பு தோப்பாத் தட்டிக்கிட்டுத் திரியறேன், இவ தூரத்துலேர்ந்தே பாத்து பழத்தைக் கண்டுபிடிச்சிருக்கா சார். பெத்தவங்களுக்குத் தெரியலை, எனக்குத் தெரியலை, தரகருக்குத் தெரியலை. என்னைக் கிளப்பிவிட்டுட்டுப் போய்ப் பேசியிருக்கா. இத்தனை நாளா நான்தான்னு நெனச்சுக்கிட்டு ஊர் பூரா சொல்லிட்டேனே! மண்டியில சொன்னேன், கோயில்ல சொன்னேன், உங்ககிட்டயும் சொல்லிட்டேன்.

இல்ல, போன் பண்ணப் போறதில்ல. சும்மா எடுத்தேன். உள்ள வச்சுட்டேன் பாருங்க. இந்நேரம் அந்த ஜட்ஜு வீட்டுலதான் உக்காந்திருப்பாங்க. அந்தப் புறாவெல்லாம் பறந்துக்கிட்டிருக்கும். நாம எதுக்கு நடுவுல?

கோபமா? எதுக்கு சார் கோபம்? எங்க வீட்டுப் பொண்ணு. என்னை மாதிரியே இருக்கா, கொஞ்சம் என்னைவிட மேல.

ஆனா ஒண்ணு. அந்தம்மா லேசுப்பட்டவங்க இல்ல. மத்தியானமே நான் பழத்தைக் குடுத்துட்டுக் கிளம்பிட்டேன்னா, "பையனை இன்னும் காணோமே"ன்னு போனைப் போட்டு உயிரை எடுப்பாங்க. அதனால நானே அறுக்கணும். வேற யாரும் கத்தியத் தொடக் கூடாதுன்னு சொல்லிடுவேன். சம்பந்தியையும் அந்தம்மாவையும் எதிர்ல உக்கார வச்சுக்குவேன். கையில எண்ணெய் தடவணும், கத்தியில தடவணும். ரெண்டாப் பொளந்து, தண்டை எடுத்து, பிசினைத் துடைச்சு, ஒவ்வொரு சுளையா சடை நீக்கி, கொட்டை எடுத்து... நடுநடுவுல சம்பந்திக்கு ஒரு சுளை குடுத்துக்கிட்டே இருந்தா அவர் எங்கயும் எழுந்து போக மாட்டார்.

பலாப்பழத்துல அது ஒரு வசதி சார். அவசரமா வேணும்னா ஒரு காபி ஆறுறதுக்குள்ள அறுத்துக் குடுப்பேன். இன்னிக்கு விளக்கு வைக்கிற வரைக்கும் அறுப்பேன்.